லிங்க்ட்இன் கணக்கை மூடிவிடலாமா, கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கலாமா?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் வட்டார அலுவலகத்தில், கொள்முதல் பிரிவில் 9 ஆண்டு வேலை பார்த்தவர். கடைசியாக வாங்கிய சம்பளம் 4,800 வெள்ளி. ஜூன் மாதம் அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரிவில் இருந்த எல்லாருக்கும் ஆட்குறைப்புக் கடிதம். அன்றிலிருந்து 60-க்கும் மேல் விண்ணப்பம் போட்டிருக்கிறார். இரண்டு நேர்காணல் வந்து கைநழுவின. மூன்றாவதில் முதல் சுற்று தாண்டிவிட்டார். இரண்டாம் சுற்று டிசம்பர் முதல் வாரத்தில்.

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்: “விடியற்காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கை தானாக ஃபோனைத் தேடுகிறது. என் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் கீழே தள்ளிக்கொண்டே போவேன். எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் புது வேலையில் சேர்ந்த படத்தைப் போட்டிருப்பார். வாழ்த்துகள் என்று எழுதிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பாத்ரூமில் அழுவேன். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது.”

வேலை போன புதிதில் தன் படத்தைச் சுற்றி, வேலை தேடுவதாகக் காட்டும் பச்சை வளையத்தைப் போட்டிருந்தாராம். தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் நிறைந்த சபையில், “பச்சை வட்டம் போட்டிருந்தியே, ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்டிருக்கிறார். அன்றிரவே வளையத்தை எடுத்துவிட்டார். பழைய வேலை முடிந்த தேதியைப் பதியாமல், இன்னும் அங்கேயே இருப்பதுபோல விட்டுவைத்திருக்கிறார். இப்போது கணக்கையே மூடிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கணவரோ, “அதை மூடினால் வேலையே கிடைக்காது” என்கிறார். 9 ஆண்டில் சேர்ந்த தொடர்புகளும் பழைய மேலாளர் எழுதிய பரிந்துரையும் போய்விடுமா, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் மாதாமாதம் வரும் தொகை நின்றுவிடுமா, ‘இவர் ஏன் லிங்க்ட்இனில் இல்லை’ என்று நிறுவனங்கள் சந்தேகப்படுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கணக்கை மூடாதீர்கள். கொஞ்ச நாள் உறங்கவையுங்கள். ஆனால் இன்றைக்கே வேண்டாம். டிசம்பர் நேர்காணல் முடிந்த மறுநாள் செய்யுங்கள். அதுவரைக்கும் அந்தத் தளத்தின் சத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு வலிப்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கணக்கைப் பற்றிப் பேசினாலும் வேறு வேறு பகுதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர் சொல்வது, ஆள் தேடுபவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும் முகவரியைப் பற்றி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, திறந்ததும் முகத்தில் வந்து விழும் மற்றவர்களின் செய்திகள். முகவரி பத்திரமாக இருக்கட்டும், செய்திகள் வேண்டாம் என்று பிரித்துவிட முடிந்தால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்களே, அதைப் பற்றி

நாலரை மணிக்கு நீங்கள் திறந்து பார்க்கும் அந்தப் பட்டியலை உங்கள் மதிப்பெண் பட்டியல்போலப் படிக்கிறீர்கள். அது அப்படி இல்லை. பார்ப்பவர் தன் பெயர் தெரியாதபடி பிரைவேட் மோடில் இருந்தால் யார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதைவிட முக்கியம், நீங்கள் விண்ணப்பித்த பல நிறுவனங்கள் உங்கள் தன்விவரக் குறிப்பைத் தங்களுடைய சொந்த ஆள்சேர்ப்பு மென்பொருளில் திறந்து படிக்கின்றன. உங்கள் லிங்க்ட்இன் பக்கத்துக்கு வராமலேயே உங்களைத் தேர்ந்தெடுக்கவும் முடியும், ஒதுக்கவும் முடியும். டிசம்பரில் உங்களை இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்களே, அவர்கள் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று அந்தப் பட்டியல் என்றைக்காவது காட்டியதா? யோசித்துப் பாருங்கள்.

அதேபோல, பக்கத்து மேசைக்காரர் படம் போட்டது அவருக்கு வேலை கிடைத்த நாளில். அதற்கு முன் அவர் எத்தனை இடத்தில் மறுக்கப்பட்டார் என்பதை அங்கே போட்டிருக்க மாட்டார்; போடவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. தோல்வி வெளியே தெரியாத ஓர் இடத்தில், தினமும் விடியுமுன், வெறும் வயிற்றில், உங்கள் தோல்வியை மட்டும் நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு திடமான மனசாக இருந்தாலும் ஐந்து மாதம் இதைத் தாங்காது.

மூடுவது வேறு, உறங்கவைப்பது வேறு

லிங்க்ட்இனில் இரண்டு வசதி இருக்கிறது. ஒன்று, கணக்கை நிரந்தரமாக மூடுவது. மூடினால் திரும்பத் திறக்கச் சில நாள்தான் அவகாசம். அந்த அவகாசத்துக்குள் திறந்தாலும் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படுகிற அந்தப் பரிந்துரை திரும்பி வராது. மற்றவர்கள் உங்கள் திறன்களுக்குக் கொடுத்த ஆமோதிப்புகளும் போய்விடும். ஆகவே மூடுவதைப் பொறுத்தவரை உங்கள் பயம் சரியானது.

இரண்டாவது, ‘ஹைபர்னேட்’ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் வசதி. ‘செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி’க்குள் போய், ‘அக்கவுன்ட் பிரிஃபரன்சஸ்’ என்ற பகுதியில் கடைசி வரை இறங்கினால் ‘அக்கவுன்ட் மேனேஜ்மென்ட்’ என்ற தலைப்பின் கீழே இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் பக்கத்தில் உள்ளதை அழுத்திவிடாதீர்கள். உறங்கவைத்தால் உங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. நீங்கள் முன்பு அனுப்பிய செய்திகள் மற்றவர்களின் பெட்டியில் இருக்கும்; உங்கள் பெயர் இருந்த இடத்தில் ‘லிங்க்ட்இன் மெம்பர்’ என்று பொதுவாகக் காட்டும். நீங்கள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த பரிந்துரைகளும் அப்படியே பெயரில்லாமல் நிற்கும். தொடர்புகள், பரிந்துரைகள், பழைய உரையாடல்கள் எதுவும் அழியாது. திரும்ப உள்ளே நுழைந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மீண்டும் உள்ளே நுழைவதுதான் கணக்கை எழுப்பும் வழி. பழக்க தோஷத்தில் விடியற்காலையில் ஃபோனில் அந்தச் செயலியைத் தட்டி உள்ளே போனால் கணக்கு விழித்துக்கொள்ளும். அதனால் உறங்கவைக்கும் அன்றே செயலியை ஃபோனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

லிங்க்ட்இன் இல்லாவிட்டால் வேலை கிடைக்காதா?

உங்கள் துறையில், அதாவது பன்னாட்டு நிறுவனங்களின் வட்டார அலுவலகக் கொள்முதல் வேலைகளில், ஆள் தேடுபவர்கள் லிங்க்ட்இனை நிறையவே பயன்படுத்துகிறார்கள். அதை மறுக்க முடியாது. நீங்கள் உறங்கும் காலத்தில் அவர்களுடைய தேடலில் உங்கள் பெயர் வராது. அவர்கள் அனுப்ப நினைக்கும் செய்தி உங்களுக்கு வராது. ஆறு மாதம் இப்படி இருப்பது உங்களுக்கு நல்லதில்லை. நான்கைந்து வாரம் பரவாயில்லை.

அதிலும் எந்த நான்கைந்து வாரம் என்று பாருங்கள். டிசம்பர் நடுப்பகுதியில் மேலாளர்கள் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் நிறையப் பேர் 13-வது மாதச் சம்பளத்தையும் போனஸையும் கையில் வாங்கிய பிறகுதான் வேலை மாறுகிறார்கள். அவர்கள் காலி செய்யும் இடங்கள் ஜனவரிக்குப் பிறகும், சீனப் புத்தாண்டு முடிந்தும் திறக்கின்றன. ஓய்வெடுக்க இதைவிடச் செலவு குறைந்த காலம் ஆண்டில் வேறு கிடையாது.

இன்னொன்று. நம் ஊரில் வேலை விளம்பரம் லிங்க்ட்இனோடு நிற்பதில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வெளிநாட்டவர் ஒருவரை எடுக்க விண்ணப்பிக்கும் முன், நிறுவனம் அந்த வேலையை ‘மைகெரியர்ஸ்ஃபியூச்சர்’ என்ற அரசாங்க வேலை இணையத்தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும் என்பது விதி. 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும், மாதம் 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் தரும் வேலைகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் சம்பள வரம்பில் இருக்கும் வேலைகளுக்கு அந்தத் தளம் லிங்க்ட்இனுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அங்கே யாரும் படம் போடுவதில்லை, யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை. வேலை இருக்கும், விண்ணப்பிக்கலாம், வெளியே வந்துவிடலாம். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆளோடு ஆள் பேசுவதும் இருக்கிறது. டபிள்யுஎஸ்ஜி என்று எல்லாரும் சொல்லும் ஊழியரணி அமைப்பும், தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் ‘இ2ஐ’ நிலையமும் வேலைவாய்ப்பு ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து பாய லேபார் பக்கம் இருக்கும் வாழ்நாள் கற்றல் நிலையம் தூரமில்லை. ஒரு திரையைப் பார்த்து 60 முறை விண்ணப்பித்த பிறகு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் தன்விவரக் குறிப்பை வரிவரியாகப் படித்து, “இந்த வரியை மேலே கொண்டுவாங்க” என்று சொல்வது எவ்வளவு தெம்பு தரும் என்பதை என்னைத் தேடி வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

மாதத்தொகை நிற்காது

ஆதரவுத் திட்டத்தில் 6 மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும்: முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, கடைசி மூன்று மாதமும் 750. ஒவ்வொரு மாதமும் வேலை தேடும் முயற்சியைக் காட்ட வேண்டும். விண்ணப்பிப்பது, வேலைவாய்ப்பு ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சிக்குப் போவது எல்லாம் அதில் சேரும். லிங்க்ட்இன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் நிபந்தனை இல்லை. ஆனால் நீங்கள் லிங்க்ட்இன் வழியாகப் போட்ட விண்ணப்பங்களைச் சான்றாகக் காட்ட நினைத்திருந்தால், கணக்கு உறங்கும்போது அந்தப் பட்டியலை எடுக்க முடியாது. முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். உறங்கும் வாரங்களுக்கான முயற்சியை மைகெரியர்ஸ்ஃபியூச்சர் வழியாகவும் ஆலோசகர் சந்திப்பு வழியாகவும் காட்டிவிடலாம்.

அந்தப் பழைய தேதி

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது கணக்கை மூடுவது பற்றிய பகுதி இல்லை. பழைய வேலை முடிந்த தேதியைப் பதியாமல் விட்டிருக்கிறீர்களே, அதுதான். வெட்கத்தில் செய்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நேர்காணல் எடுப்பவர் அப்படிப் பார்க்க மாட்டார். தன்விவரக் குறிப்பில் ஜூன் என்று இருக்கிறது, லிங்க்ட்இனில் இன்றுவரை என்று இருக்கிறது என்றால், இரண்டில் எது பொய் என்றுதான் யோசிப்பார். சில நிறுவனங்கள் ஆளை எடுக்கும் முன் பழைய முதலாளியிடம் விசாரிக்கின்றன. சில, மத்திய சேமநிதி சந்தா விவரத்தையே கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. ஐந்து மாத இடைவெளி யாரையும் நிராகரிக்க வைக்காது. மறைத்த ஐந்து மாதம் நிராகரிக்க வைக்கும்.

ஆகவே இன்றே, நேர்காணலுக்கு முன், அந்தத் தேதியைத் திருத்துங்கள். திருத்தும் முன் இன்னொரு வேலை இருக்கிறது: உங்கள் பக்கத்தில் செய்யும் வேலை மாற்றங்களை உங்கள் தொடர்புகளுக்கு அறிவிக்கும் வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். உறவினர் யாருக்கும் செய்தி போகாது. இடைவெளியைக் காட்ட வேண்டும் என்றால், 2022 மார்ச்சில் லிங்க்ட்இன் கொண்டுவந்த ‘கெரியர் பிரேக்’ பதிவைப் பயன்படுத்தலாம். அதில் 13 வகைக் காரணம் இருக்கிறது. ஆட்குறைப்பும் ஒன்று, குடும்பத்தைக் கவனித்துக்கொள்வதும் ஒன்று. போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. என்னைக் கேட்டால், ஐந்து மாதத்துக்கு அது தேவையில்லை. தேதி சரியாக இருந்தால் போதும்.

ஆட்குறைப்பு என்ற சொல்லையே எழுதத் தயங்குகிறீர்கள், கடிதத்தில் ஓரிடத்தில் ‘என்னை அனுப்பிவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள எந்த நிறுவனமும் ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால்கூட, அவருக்குத் தெரிவித்த 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அது நிறுவனம் தன் முடிவைப் பற்றி அரசாங்கத்துக்குச் சொல்லும் தகவல். உங்கள் வேலைத்திறனைப் பற்றிய புகார் அதில் கிடையாது. ஒரு பிரிவு முழுவதும் நாடு மாறிப்போனதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நேர்காணலில் “எங்கள் பிரிவு வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டது, ஜூனில் ஆட்குறைப்பு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, 9 ஆண்டில் நீங்கள் செய்ததைப் பேசத் தொடங்குங்கள். கண்ணாடி முன் நின்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும்.

நேர்காணல் வரை: சத்தத்தைக் குறைக்க

இப்போதிலிருந்து நேர்காணல் வரை கணக்கு விழித்தே இருக்கட்டும். அந்த நிறுவனத்தார் உங்கள் பக்கத்தைத் தேடும்போது அது காணாமல் போயிருந்தால் வீண் குழப்பம். ஆனால் ஃபோனிலிருந்து செயலியை இன்றே எடுத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பகலில், மேசையில் உட்கார்ந்து கணினியில் மட்டும் திறங்கள். மின்னஞ்சல் அறிவிப்புகளில், ஆள் தேடுபவர் அனுப்பும் செய்திகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உங்களை வருத்தும் அந்த நாலைந்து பேரை ‘அன்ஃபாலோ’ செய்யுங்கள். தொடர்பு அப்படியே இருக்கும், அவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகாது, அவர்களுடைய பதிவுகள் மட்டும் உங்கள் கண்ணில் படாது. பக்கத்து மேசைக்காரர் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியமும் கெடாமல் இருக்கும்.

யார் பார்த்தார்கள் என்ற பட்டியலுக்கும் ஒரு வழி உண்டு. கட்டணம் கட்டும் பிரீமியம் சந்தா முடிந்து இலவசக் கணக்குக்கு வந்த பிறகு, நீங்களே பிரைவேட் மோடுக்கு மாறிவிட்டால், அந்தப் பட்டியல் உங்களுக்குக் காட்டப்படாது. பார்க்கவே முடியாதென்றால் கை தேடாது.

உறங்கவைக்கும் முன் செய்யவேண்டியவை

பிரீமியம் சந்தா: இலவச மாதம் என்று சேர்ந்து, இப்போது கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கை உறங்கவைத்தால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். முதலில் அதைத் தனியாக ரத்து செய்யுங்கள். ஐஃபோன் வழியாகச் சேர்ந்திருந்தால் ஆப்பிள் கணக்கின் சந்தாப் பட்டியலில் போய்த்தான் நிறுத்த முடியும். அடுத்த மாதக் கடன் அட்டை ரசீதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தம்பியின் ஏர்கான் சர்வீஸ் பக்கம்: அந்த நிறுவனப் பக்கத்துக்கு நீங்கள் ஒருவர்தான் நிர்வாகி என்கிறீர்கள். தம்பியையோ அவர் மனைவியையோ முழு உரிமையுள்ள நிர்வாகியாகச் சேர்த்துவிட்டுத்தான் உறங்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

தகவல் பிரதி: உங்கள் தொடர்புகள், செய்திகள் எல்லாவற்றின் பிரதியையும் ‘டேட்டா பிரைவசி’ பகுதியில் கேட்டு வாங்கலாம். கேட்ட உடனே கிடைக்காது; தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். இதை இரண்டு மூன்று நாள் முன்பே செய்யுங்கள். பழைய மேலாளர் எழுதிய பரிந்துரையையும் தனியாகப் படம் எடுத்து வையுங்கள்.

தன்விவரக் குறிப்பு: அதன் தலைப்பில் லிங்க்ட்இன் இணைப்பு இருந்தால், உறங்கும் காலத்துக்கு எடுத்துவிடுங்கள். அழுத்தினால் ஒன்றும் திறக்காத இணைப்பு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். வேறு வேலைத் தளங்களுக்குள் லிங்க்ட்இன் வழியாக நுழையும் பழக்கம் இருந்தால், அங்கெல்லாம் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தனியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

முகவர்கள்: உங்களோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று ஆள்சேர்ப்பு முகவர்களுக்கு உங்கள் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் போகட்டும். “சில வாரம் லிங்க்ட்இனில் இருக்க மாட்டேன், இந்த முகவரியில் பேசுங்கள்” என்று ஒரு வரி போதும். எண் கொடுக்கும் முன் அவர்களுடைய நிறுவன உரிம எண்ணையும், முகவருக்குரிய ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணையும் கேட்டு, மனிதவள அமைச்சின் பட்டியலில் சரிபாருங்கள். பச்சை வளையம் போட்டிருந்த நாளில், வாட்ஸ்அப்பில் பகுதிநேர வேலை தருகிறோம் என்று இரண்டு பேர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காணொளிக்கு லைக் போட்டால் காசு, முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள் என்கிற ரகமாக இருந்தால் அது மோசடி. சந்தேகம் வந்தால் ஸ்கேம்‌ஷீல்டின் 1799 எண்ணை அழையுங்கள்.

ஏன் காணவில்லை என்று கேட்டால்

லிங்க்ட்இனில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். கட்டாயமில்லை என்றால் வெறுமையாக விடுங்கள். யாராவது நேரில் கேட்டால், “கவனத்தை விண்ணப்பங்களில் வைக்கக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஜனவரியில் திறப்பேன்” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. தூக்கமில்லாதது, அழுதது எதையும் நீங்கள் சொல்லவேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான காரணம் இல்லாமல் விண்ணப்பதாரரிடம் மனநலத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று ‘டஃபெப்’ எனப்படும் முத்தரப்புக் கூட்டணியின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் மனநலப் பாதிப்பைச் சேர்த்திருக்கிறது.

ஜனவரி நடுவில் திரும்பி வரும்போது, வேலை தேடுவதை ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வளையம் வராது. ஆள்சேர்ப்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். வளையத்தை எடுத்தபோது இந்த வழி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். தீபாவளிச் சபையில் கேட்ட உறவினருக்கும் உங்கள் வேலை தேடலுக்கும் நடுவில் ஒரு கதவைச் சாத்த இது போதும்.

தூக்கத்தைப் பற்றி

இது கணக்கு சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். மாதக்கணக்கில் நாலரைக்கு விழித்து, மறைந்து அழுகிறீர்கள். செயலியை நீக்கி இரண்டு வாரத்தில் தூக்கம் சீரானால் நல்லது. சீராகவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமாகப் போகும் மருத்துவரிடமோ போய், தூக்கத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லுங்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றும் நேரம் வந்தால், ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார், தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். குழாயைத் திறந்துவைத்துவிட்டு அழுதால் அவருக்கும் கேட்காது. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். கணக்கு அழியப்போவதில்லை, ஜனவரியில் திரும்பி வரும் என்று தெரிந்தால் அவர் மறுக்க மாட்டார். ஃபோனை இரவில் அவர் பக்கத்தில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். நேர்காணல் எந்த நாள் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முந்தைய வாரம், அந்த நிறுவனத்தின் விளம்பரத்தையும் உங்கள் தன்விவரக் குறிப்பையும் அனுப்பினால், என்ன கேட்பார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.